வாங்கிப் பூட்ட முடியாத நிரல்

வீடியோ கேம் ஆடும் மாணவர்களில் எமுலேட்டர் என்ற பெயரைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. பிளேஸ்டேஷன், நின்டெண்டோ போன்ற கேம் கன்சோல்களின் விளையாட்டுகளைச் சாதாரணக் கணினியில் ஓடவைக்கும் மென்பொருள் அது. பலருக்கு அதைப்பற்றித் தெரிந்தது இரண்டே விஷயம்தான். ஒன்று, அது இலவசம். இரண்டு, அது ஏதோ திருட்டு சமாச்சாரம்!

இரண்டாவது பாதி உண்மை. அதைப் பிறகு பார்க்கலாம். முதலாவதில் முக்கியமான ஒன்று விட்டுப்போகிறது. நல்ல எமுலேட்டர்கள் பலவும் திறந்த மூல மென்பொருட்கள். அவற்றின் மூலநிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். காசில்லாமல் கிடைப்பதைவிட இதுதான் பெரிய விஷயம்.

எமுலேட்டர் செய்யும் வேலை என்ன? பல கன்சோல்களில் தனி பிராசசர், படம் காட்டத் தனி சிப், ஒலிக்குத் தனி சிப் உண்டு. எமுலேட்டர் விளையாட்டின் ஒவ்வொரு கட்டளையையும் படித்து, அந்தப் பழைய சிப்கள் என்ன செய்திருக்குமோ அதையே செய்து காட்டுகிறது. கேட்பதற்கு எளிது. ஆனால் சூப்பர் நின்டெண்டோவின் பிராசசர் வேகம் அதிகபட்சம் 3.58 மெகாஹெர்ட்ஸ்தான். அதை நூலிழை பிசகாமல் நகலெடுக்க 2004ல் தொடங்கப்பட்ட பிஎஸ்நெஸ் என்ற எமுலேட்டருக்கோ 3 கிகாஹெர்ட்ஸ் அளவிலான கணினி தேவைப்பட்டது. காரணம், அசல் கருவியில் எல்லா சிப்களும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். கணினி ஒவ்வொன்றையும் மாற்றி மாற்றி நிறுத்தி, நேரம் பார்த்து ஓட்ட வேண்டும். இவ்வளவு துல்லியம் எதற்கு? 'ஏர் ஸ்ட்ரைக் பேட்ரோல்' என்ற விளையாட்டில் விமானத்தின் நிழல் தரையில் விழ வேண்டுமென்றால், திரையில் ஒரு கோடு வரையப்படும்போதே நடுவில் நடக்கும் மாற்றத்தையும் பிடித்தாக வேண்டும். இல்லையென்றால் நிழல் இல்லை!

இப்படிப் பார்த்துப் பார்த்து எழுதப்பட்ட நிரல் வெறும் விளையாட்டுச் சாதனம் அல்ல. அந்தக் கருவி எப்படி வேலை செய்தது என்பதற்கான விளக்கவுரையும் அதுதான். கன்சோல் பழுதாகலாம், சிப் தயாரிப்பு நின்றுபோகலாம். விளக்கவுரை இருந்தால் போதும், நாளைய கணினியிலும் அதை மறுபடி உயிர்ப்பிக்கலாம்.

ஆனால் அந்த விளக்கவுரை பூட்டிவைக்கப்பட்டால் என்ன ஆகும்? இதற்கு நல்ல உதாரணம் கனெக்டிக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் கதை. பிளேஸ்டேஷன் விளையாட்டுகளை ஆப்பிள் மேக் கணினியில் ஆடவைக்கும் 'வர்ச்சுவல் கேம் ஸ்டேஷன்' என்ற எமுலேட்டரை அது 1999ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. சோனி வழக்குப் போட்டது. 2000ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கனெக்டிக்ஸ் பக்கம் தீர்ப்பளித்தது. சோனியின் நிரலை ஆராய்வதற்காகப் பிரதி எடுத்தது நியாயமான பயன்பாடுதான் என்றது. எமுலேட்டர் எழுதுவோர் இன்றும் மேற்கோள் காட்டும் தீர்ப்பு அது. அப்புறம்? 2001ல் சோனி அந்த மென்பொருளையே விலைக்கு வாங்கி நிறுத்திவிட்டது. கோர்ட்டில் ஜெயித்த மென்பொருள் கடையில் தோற்றது. அதன் மூலநிரல் திறந்திருந்தால், சோனி வாங்கிய பிறகும் வேறு யாராவது தொடர்ந்திருக்க முடியும்.

டால்பின் கதை இதற்கு நேர் எதிர். நின்டெண்டோ கேம்கியூபுக்கான இந்த எமுலேட்டர் 2003ல் மூடிய மென்பொருளாகத்தான் வந்தது. நடுவில் வேலை நின்றும் போனது. 2008ல் மூலநிரலைத் திறந்துவிட்டார்கள். அதன்பின் பல நாடுகளிலிருந்தும் ஆட்கள் கைகொடுக்க, வீ கன்சோலின் விளையாட்டுகளும் அதில் ஓடத் தொடங்கின. இன்று ஆண்ட்ராய்டு போனிலும் ஓடுகிறது. வீ கன்சோலுக்கான நின்டெண்டோவின் இணையக் கடை 2019 ஜனவரியிலேயே மூடப்பட்டுவிட்டது.

இனி அந்தத் திருட்டு விஷயம். ஸ்விட்ச் கன்சோலுக்கான யுசு என்ற திறந்த மூல எமுலேட்டர் மீது 2024 பிப்ரவரியில் நின்டெண்டோ வழக்குத் தொடர்ந்தது. புதிய செல்டா விளையாட்டு 2023 மே மாதம் கடைக்கு வரும் முன்பே கசிந்து, 10 லட்சம் முறைக்கு மேல் திருட்டுத்தனமாக இறக்கப்பட்டதாக மனுவில் சொன்னது. ஒரே வாரத்தில் யுசு தரப்பு 24 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டு கடையைக் கட்டியது. இதில் யுசுவுக்காகக் கண்ணீர் விடத் தேவையில்லை. கடையில் விற்கும் பொருளின் மேல் கைவைத்துவிட்டு, பழமையைப் பாதுகாக்கிறோம் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? ஒரு விளையாட்டை உருவாக்கப் பல ஆண்டுகள் உழைத்தவர்களுக்கு அதை விற்றுச் சம்பாதிக்கும் உரிமை உண்டு.

ஆனால் அந்தச் சமரசத்தில் இன்னொன்றும் அடிபட்டது. அதே குழுவினர் பராமரித்த 3டிஎஸ் கன்சோலுக்கான சிட்ரா எமுலேட்டரும் நிறுத்தப்பட்டது. 3டிஎஸ் கடையோ 2023 மார்ச்சிலேயே மூடப்பட்டுவிட்டது. அதாவது காசு கொடுக்கத் தயாராக இருப்பவருக்கும் அங்கே வாங்க ஒன்றும் இல்லை. நல்லவேளை, சிட்ரா திறந்த மூலம். அதன் நிரலை வைத்து மற்றவர்கள் வேலையைத் தொடர்ந்தார்கள். 2025ல் அஜஹார் என்ற பெயரில் அது திரும்பி வந்தது. கனெக்டிக்ஸுக்குக் கிடைக்காத மறுபிறவி!

இது ஓரிரு கன்சோல்களின் பிரச்சினை அல்ல. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று விற்பனையில் இல்லை என்கிறது வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளையின் 2023 ஆய்வு. இன்னொரு வேடிக்கையும் உண்டு. 2018ல் சோனி தானே விற்ற 'பிளேஸ்டேஷன் கிளாசிக்' பெட்டிக்குள் இருந்தது பிசிஎஸ்எக்ஸ் ரீஆர்ம்டு என்ற திறந்த மூல எமுலேட்டர். ஆர்வலர்கள் ஓய்வு நேரத்தில் எழுதிய நிரல், கன்சோலை உருவாக்கிய நிறுவனத்துக்கே கைகொடுத்தது.

ஆகவே கோடு போட வேண்டிய இடம் எமுலேட்டர் அல்ல. விற்பனையில் உள்ள விளையாட்டைக் காசு கொடுக்காமல் எடுப்பது தவறு. அதற்குத் திறந்த மூலம் என்ற பெயர் சாக்காகாது. ஆனால் நிறுவனமே கைவிட்ட கருவியை ஆராய்ந்து, அதன் இயக்கத்தை எல்லோரும் படிக்கும்படி எழுதிவைப்பது ஆவணப் பணி. கடையை மூடும் உரிமை நிறுவனத்துக்கு இருக்கட்டும். மூடிய கடைக்குள் இருந்தது என்ன என்று தெரிந்துகொள்ளும் உரிமை மற்றவர்களுக்கும் இருக்க வேண்டும்.

கணினி படிக்கும் மாணவர்களுக்கு இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. பிராசசர் எப்படி இயங்குகிறது என்று பாடப்புத்தகத்தில் படம் பார்த்துப் புரியாதவர்கள், ஒரு சிறிய எமுலேட்டரின் மூலநிரலைத் திறந்து பார்க்கலாம். அதைத் திறக்க யாரிடமும் சாவி கேட்க வேண்டியதில்லை.