அப்பா பார்டரில் இருந்த பத்து மாதங்கள்

நாடாளுமன்றத்தின் மீது 2001 டிசம்பர் 13-இல் தாக்குதல் நடந்தது. அதையடுத்து ‘ஆபரேஷன் பராக்கிரம்’ என்ற பெயரில் மேற்கு எல்லை நெடுக ஏறக்குறைய ஐந்து லட்சம் வீரர்கள் நிறுத்தப்பட்டார்கள். போர் மூளவில்லை. 2002 அக்டோபரில்தான் படைகளைத் திரும்பப் பெற அரசு முடிவெடுத்தது. பொங்கலுக்கு லீவில் வருவதாக இருந்த என் அப்பா, தீபாவளி கழிந்துதான் வீட்டுப் படியேறினார்.

குடியாத்தம் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. அப்பா ஹவில்தார். வீட்டில் அம்மா, ஆயா, நான். எனக்கு அப்போது பதினோரு வயது. அம்மா மூன்றாவதோடு படிப்பை நிறுத்தியவர் என்பதால் அப்பாவுக்கு இன்லாண்டு லெட்டர் எழுதுவது என் வேலை. முகவரியில் ஊர்ப் பெயர் இருக்காது. நம்பர், ரேங்க், பெயர், யூனிட், கடைசியில் ‘56 ஏ.பி.ஓ.’, அவ்வளவுதான். அவர் ராஜஸ்தானில் இருக்கிறாரா, பஞ்சாபில் இருக்கிறாரா என்பதுகூட எங்களுக்குத் தெரியாது.

ஆடிப் பட்டத்துக்கு விதை மல்லாட்டை உரித்துக்கொண்டே அம்மா சொல்லுவார், நான் எழுதுவேன். “ஆயாவுக்கு முட்டி வலின்னு எழுதாத பாப்பா. அவரு அங்க ஒக்காந்துகினு என்னா பண்ணுவாரு?” கொஞ்ச நேரம் கழித்து, “நல்ல மழைன்னு எழுது” என்பார். நாட்டின் பல பகுதிகளில் பருவமழை பொய்த்த ஆண்டு அது. உரித்த விதை தகர டப்பாவிலேயே கிடந்தது. மழை பெய்ததாக நான் எழுதினேன்.

பசை ஒட்டும் மடிப்பில் எப்போதும் இரண்டு விரல் அகலம் இடம் மிச்சமிருக்கும். ஒருமுறை அம்மாவுக்குத் தெரியாமல் அதில், ‘அம்மா ராத்திரில தூங்கறதே இல்லப்பா’ என்று எழுதி ஒட்டிவிட்டேன். மூன்று வாரம் கழித்து அப்பாவின் பதில் வந்தது. அதைப் படித்துக் காட்ட வேண்டியவளும் நான்தானே. அம்மாவின் தூக்கம் பற்றி அப்பா கேட்டிருந்த வரி வந்ததும் எனக்கு வாய் வரவில்லை. முறத்தில் இருந்த அம்மாவின் கை நிற்கவே இல்லை. “படி” என்றார்.

அம்மாவோடு அத்தனை நெருக்கமாக நான் இருந்த காலம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அப்பாவிடம் எதை மறைப்பது, ஆயாவிடம் எதை மறைப்பது, அம்மாவிடமே எதை மறைப்பது என்று கணக்குப் போடக் கற்றுக்கொண்டதும் அந்தப் பத்து மாதத்தில்தான். சொந்தக்காரர்கள் எல்லோரும் “பொறுப்பான பொண்ணு” என்றார்கள். அந்தப் பாராட்டின் மீது எனக்கு இன்றும் கோபம் இருக்கிறது. பதினோரு வயதுப் பிள்ளையின் தலையில் ஒரு வீட்டுக் கவலையை ஏற்றிவிட்டு, அவள் சுமப்பதைப் பார்த்து மகிழ்ந்துபோகிற பாராட்டு அது.

இது என் வீட்டுக் கதை மட்டுமில்லை. இராக், ஆப்கானிஸ்தான் போர்களுக்குப் பெற்றோரை அனுப்பிய அமெரிக்கக் குடும்பங்கள் 1,500-ஐ ராண்ட் நிறுவன ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள்; அந்த ஆய்வு 2010-இல் வெளியானது. 11 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகளிடம் பேசியதில், பள்ளியிலும் வீட்டிலும் நண்பர்களிடத்திலும் சிரமங்கள் ஆண்பிள்ளைகளைவிடப் பெண்பிள்ளைகளுக்கே அதிகம் என்று தெரிந்தது. பிரிவு நீள நீளச் சிரமம் கூடியது. வீட்டில் இருக்கும் பெற்றோரின் மனநலம் குன்றினால் பிள்ளையின் பாடும் மோசமானது. மகளைக் காக்க வேண்டுமென்றால் முதலில் தாயைத் தாங்கிப் பிடிக்க வேண்டும் என்றே இதை நான் புரிந்துகொள்கிறேன்.

தாயைத் தாங்குவது யார்? நம் மரபு அவளைக் காத்திருப்பவளாக மட்டுமே பார்த்துப் பழகியது. நப்பூதனாரின் முல்லைப்பாட்டில் தலைவன் பாசறையில் இருக்கிறான். அரண்மனையில் தலைவி துயிலின்றி இருக்கிறாள். முதிய பெண்கள் நெல்லும் முல்லைப்பூவும் தூவி நற்சொல் கேட்க ஊருக்கு வெளியே போய் நிற்கிறார்கள். அங்கே கயிற்றில் கட்டுண்டு தவிக்கும் கன்றிடம் குளிரில் நடுங்கியபடி ஓர் ஆயர் பெண், ‘உன் தாய்மார் இப்போது வந்துவிடுவார்கள்’ என்று ஆறுதல் சொல்கிறாள். தலைவன் வருவான் என்பதற்கு அதுவே நல்ல நிமித்தம் ஆகிவிடுகிறது. தாய்க்காகத் தவித்த கன்று என்ன ஆனது என்று நின்று கேட்பார் யாருமில்லை. இரண்டாயிரம் ஆண்டுக்குப் பிறகும் படைவீரர் வீட்டில் எல்லாப் பேச்சும் அவர் எப்போது வருவார் என்பதைச் சுற்றியே நடக்கிறது.

ஜவானுக்கு ஆண்டுக்கு 60 நாள் வருடாந்திர விடுப்பும் 30 நாள் தற்செயல் விடுப்பும் உண்டு. முழுவதும் கிடைத்தால்கூட மீதி ஒன்பது மாதம் வீட்டில் அவர் இல்லை. பீஸ் ஸ்டேஷன் என்றால் குவார்ட்டர்ஸ் கிடைத்தவர்கள் குடும்பத்தை அழைத்துக்கொள்ளலாம். ஃபீல்டு போஸ்டிங்கில் அதற்கு வழியில்லை. அத்தகைய குடும்பங்களுக்கென்று சில கன்டோன்மென்ட்களில் தனிக் குடியிருப்பு உண்டு என்றாலும், பலர் மாமியார் வீட்டிலோ தாய் வீட்டிலோ ஊரோடுதான் இருக்கிறார்கள். வேலூர் அருகே கம்மவான்பேட்டைக்கு ‘ராணுவப்பேட்டை’ என்றே பெயர். அங்கே படையில் ஆள் இல்லாத வீட்டைக் காண்பது அரிது. 1966 முதல் இயங்கும் ராணுவ மனைவியர் நலச் சங்கத்தின் கை கன்டோன்மென்ட் வேலிக்குள் எட்டுகிற அளவுக்கு இத்தகைய ஊர்களின் சந்துகளுக்குள் எட்டுவதில்லை.

இப்போதுதான் வீடியோ கால் வந்துவிட்டதே என்கிறார்கள். வந்தது நல்லதுதான். சிக்னல் இருக்கும் இடத்தில் அப்பாவின் முகம் தெரிகிறது. அம்மாவின் நாளில் அது ஒரு மணி நேரத்தைக்கூட மிச்சப்படுத்தித் தருவதில்லை. வங்கி, கரண்ட் பில், மாமியாரின் மருந்து, வரப்புத் தகராறு, பள்ளிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அவர் ஒருவரே அலைகிறார். முன்பு கடிதத்தில் மறைத்ததை இப்போது மகள் கேமரா முன் சிரித்து மறைக்கிறாள்.

எனக்கும் அம்மாவுக்கும் நல்ல பொழுது என்று ஒன்று இருந்தது. மாதம் ஒருமுறை வேலூர் மிலிட்டரி கேன்டீனுக்குப் போவோம். வரிசையில் நின்று சோப்பு, எண்ணெய், டீத்தூள் வாங்கிக்கொண்டு கோட்டை அகழி ஓரம் வந்து உட்காருவோம். அங்கே ஆயா இல்லை, “அவரு எப்ப வர்றாரு” என்று கேட்பவர் இல்லை, எழுத வேண்டிய கடிதமும் இல்லை. அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொள்வார். சின்ன வயதில் கிணற்றில் நீச்சல் பழகிய கதையை அங்கேதான் சொன்னார். அம்மாவுக்கு நீச்சல் தெரியும் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. கேன்டீன் கார்டு தந்த தற்செயலான நேரம் அது. தற்செயலாகக் கிடைத்ததை எல்லா வீட்டுக்கும் உறுதியாகக் கிடைக்கச் செய்ய முடியும்.

பெண் அதிகாரிகளுக்கு இருந்த மகப்பேறு, குழந்தை பராமரிப்பு விடுப்புகளை 2023 நவம்பரில் முப்படைகளின் எல்லா நிலைப் பெண்களுக்கும் அரசு விரிவாக்கியது. சீருடை அணிந்தவரும் ஒரு தாய் என்பதை அரசு ஏற்றுக்கொண்டது பெரிய விஷயம். சீருடை அணிந்தவரின் வீட்டில் தனியாக நிற்கும் தாயையும் அதே கண்ணோடு பார்க்க வேண்டும். ஆட்சியர் அலுவலகத்தில் முன்னாள் படைவீரர்கள், பணியில் உள்ள வீரர்கள், அவர்களைச் சார்ந்தோருக்கான குறைதீர் கூட்டம் பெரும்பாலும் வேலை நாளில்தான் நடக்கிறது. மூலைக் கிராமத்துப் பெண்ணுக்கு அது ஒரு முழு நாள் அலைச்சல். அதைச் சனிக்கிழமையில், தாலுகா அலுவலகத்திலேயே நடத்தலாம். தன் பள்ளியில் எந்தப் பிள்ளையின் அப்பா ஃபீல்டில் இருக்கிறார் என்று தலைமையாசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மாதம் ஒருமுறை ஒரு டீச்சர் அந்தப் பிள்ளையோடு உட்கார்ந்து பேசினால் போதும். அப்பாவைப் பற்றி வேண்டாம். அவளைப் பற்றிக் கேட்கட்டும்.

உங்கள் தெருவிலும் அப்படி ஒரு வீடு இருக்கலாம். “அப்பா எப்போ வர்றாரு” என்று அந்தப் பெண்ணை நிறுத்திக் கேட்காதீர்கள். கரண்ட் பில் கட்டப் போகும்போது அவர்கள் வீட்டு அட்டையையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அந்த வீட்டுப் பாட்டியை ஒருநாள் நீங்கள் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். அந்த ஒரு பொழுது அம்மாவுக்கும் மகளுக்கும் இருக்கட்டும்.