வீட்டுப் பட்டறை: பழி யார்மேல்?

சென்ற மாதம் மின்விசிறி மெதுவாகச் சுழல்வதன் காரணத்தை இப்பகுதியில் எழுதியிருந்தேன். அதைப் படித்தபின் கண்டென்சரை மாற்றிப் பயன் கண்டதாக இரண்டொரு வீட்டார் சங்கக் கூட்டத்தில் தெரிவித்தனர். அந்த ஊக்கத்தால் இம்மாதம் இன்னும் சிறியதொரு யந்திரத்தைப் பற்றி எழுதத் துணிகிறேன். விளையாட்டுச் சாமான்தானே என்று எவரும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இதில் நெருப்புக்கு இடமுண்டு. ஒரு தந்தை தன் மகனிடம் தலைகுனிந்து நின்ற கதையும் உண்டு. அந்தத் தந்தை நான்தான்.

தசராவுக்கு முன் கிடைத்த போனஸில், ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகனுக்கு ரேடியோவால் இயங்கும் லாரி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அசல் வண்டியில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ளது. கையிலுள்ள கருவியின் விசையை இழுத்தால், ஐம்பது அடி தூரத்தில் அது பாய்ந்தோடும். இங்கே கரக்பூர் ரயில்வே குடியிருப்பின் மைதானத்தில், வங்காளி, தெலுங்கு, பிஹாரிச் சிறுவர்களெல்லாம் மாலைதோறும் அதைச் சூழ்ந்து நிற்பர். வண்டியோடு வந்த நிக்கல் பாட்டரி கால்மணி நேரத்தில் களைத்துவிடுவதைக் கண்டு, சில மாதங்கள் கழித்து லித்தியம் பாலிமர் பாட்டரி ஒன்றையும் அதற்குரிய சார்ஜரையும் நானே வாங்கி வந்து பொருத்தினேன்.

இரண்டு வாரம் வண்டி குதிரைபோல் ஓடிற்று. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, முன் சக்கரங்கள் இடமும் வலமும் நன்றாகத் திரும்ப, வண்டி மட்டும் வெட்டி வெட்டி இழுத்து நின்றுவிட்டது. வேகத்தைக் கட்டுப்படுத்தும் சிறு பெட்டி எரிந்துவிட்டது என்று நான் அக்கணமே தீர்ப்புக் கூறினேன்.

"தண்ணீரில் விட்டாயா?" என்றேன்.

"இல்லை, அப்பா."

"பின் எப்படிக் கெட்டது? சாமானின் அருமை உனக்குத் தெரிகிறதா?"

அவன் மேற்கொண்டு பேசவில்லை. மறுநாள் மதிய உணவு வேளையில் புதுப் பெட்டியின் விலையை விசாரித்துக் கொண்டிருந்தேன். எங்கள் பணிமனையின் மின்பிரிவில் ஓய்வுபெறும் வயதை நெருங்கிய வங்காள அன்பர் ஒருவர் உண்டு. நாங்கள் அவரை 'தாதா' என்றே அழைப்போம். அவர் என் பேச்சைக் கேட்டுவிட்டு, "எங்கிருந்து பார்க்கத் தொடங்கினாய்?" என்று வினவினார். எனக்கு விடை தெரியவில்லை. நான் எங்கிருந்தும் பார்க்கவேயில்லை. பழியை மட்டும் சுமத்தியிருந்தேன்.

"பாட்டரியில் தொடங்கி மோட்டார்வரை வரிசையாக வா. விலையுயர்ந்த சாமானைக் கடைசியில் சந்தேகி" என்றார் தாதா. இன்று நான் உங்களுக்குச் சொல்ல வந்ததும் இதுவே.

முதலில் அப்பெட்டியின் வேலை இன்னதென்று அறிந்துகொள்வோம். ஆங்கிலத்தில் அதனை ஈ.எஸ்.சி. என வழங்குவர். பாட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவே அது காவலாளிபோல் அமர்ந்திருக்கிறது. நம் கையிலுள்ள கருவியின் கட்டளையை வண்டியிலுள்ள ரிஸீவர் வாங்கி, சிறு மின்துடிப்புகளாக அதற்கு அனுப்புகிறது. துடிப்பின் நீளம் ஏறத்தாழ ஒன்றரை மில்லி செகண்டு இருந்தால் 'நில்' என்று பொருள். இரண்டை நோக்கி நீண்டால் முன்னே போகவும், ஒன்றை நோக்கிக் குறுகினால் பின்னே வரவும் கட்டளை. பெட்டி அதனைப் புரிந்துகொண்டு, மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை ஒரு வினாடிக்குள் ஆயிரம் முறையும் அதற்கு மேலும் திறந்து மூடுகிறது. திறந்திருக்கும் நேரம் மிகுந்தால் வேகம் மிகும். குறைந்தால் வேகம் குறையும்.

அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. பாட்டரியின் அழுத்தத்தைக் குறைத்து, ரிஸீவருக்கும் முன் சக்கரங்களைத் திருப்பும் ஸர்வோ மோட்டாருக்கும் அதுவே மின்சாரம் வழங்குகிறது. இதை அறிந்தால் பாதிக் குழப்பம் தீரும். சக்கரம் திரும்புகிறது, வண்டி ஓடவில்லை என்றால், சுவிட்சும் பெட்டியின் ஒரு பகுதியும் உயிருடன் உள்ளன என்று பொருள். பாட்டரியிலும் ஓரளவு மின்சாரம் இருக்கிறது. சக்கரமும் திரும்பாவிடில், பாட்டரி இணைப்பு, சுவிட்ச், ரிஸீவருக்குச் செல்லும் ஒயர் ஆகியவற்றை முதலில் பார்த்தல் வேண்டும்.

பெட்டி பழுதென்று தோன்றச் செய்யும் சில நிலைமைகளை இங்கே தருகிறேன்.

விசையைத் தொடாமலே வண்டி ஊர்ந்து சென்றால், நடுநிலை பிசகியுள்ளது. கைக்கருவியிலுள்ள டிரிம் என்னும் சிறு திருகை நடுவில் வைத்தால் பெரும்பாலும் சரியாகும்.

பின்னே வரவில்லை என்று பலர் முறையிடுவர். பல பெட்டிகளில் விசையை முதல் தடவை பின்னே தள்ளினால் பிரேக் மட்டும் பிடிக்கும். விசையை நடுவுக்குக் கொணர்ந்து மறுபடி தள்ளினால்தான் வண்டி பின்னோக்கி வரும். ஓடும் ரயிலைத் திடீரெனப் பின்னே செலுத்த எவரும் துணியார் அன்றோ? அதே நியாயம்தான் இங்கும்.

சிறிது தூரம் ஓடிச் சூடேறி நின்று, ஆறிய பின் மறுபடி ஓடினால், பெட்டி தன்னைத் தானே காத்துக்கொள்கிறது. அச்சில் சுற்றிய முடியோ புல்லோ, இறுகிப்போன பேரிங்கோ, அளவுக்கு மிஞ்சிய பல்சக்கரமோ காரணமாகலாம். வேறு பெட்டி வாங்கிப் போட்டாலும் அதுவும் சூடேறும்.

மோட்டார்மேல் ஐயம் இருந்தால், அதைப் பெட்டியிலிருந்து கழற்றிச் சிறு பாட்டரியோடு ஒரு கணம் நேரே தொட்டுப் பார்க்கலாம். இரண்டு ஒயர்கள் உள்ள பிரஷ் மோட்டாருக்கு மட்டுமே இச்சோதனை பொருந்தும். மூன்று ஒயர்கள் உள்ள பிரஷ் இல்லாத மோட்டாரிடம் இதைச் செய்தல் ஆகாது.

தாதா சொன்ன வரிசைப்படி அன்று மாலை நானும் மகனும் தரையில் அமர்ந்தோம். மல்டிமீட்டரைப் பாட்டரியில் வைத்தோம். 5.2 வோல்ட் காட்டிற்று. எனக்கு வியர்த்தது. லித்தியம் பாட்டரியில் ஒவ்வோர் அறையும் முழுமையாக நிரம்பினால் 4.2 வோல்ட் இருக்கும். 3 வோல்ட்டுக்குக் கீழே அதை இறங்க விடலாகாது. எங்கள் பாட்டரியில் இரண்டு அறைகள். அப்படியாயின் அறைக்கு 2.6 வோல்ட்டே எஞ்சியிருந்தது. வெளியே எடுத்துப் பார்த்தால், பாட்டரியின் வயிறு அப்பளம்போல் உப்பியிருந்தது.

பெட்டி ஏன் முன்கூட்டியே வண்டியை நிறுத்தவில்லை? இந்தக் கேள்விக்கு விடை சொன்னவன் என் மகன்.

"அப்பா, புது பாட்டரி போட்ட அன்றைக்கே சொன்னேன். சுவிட்ச் போட்டால் ஒரு சத்தம்தான் வருகிறது. இரண்டு வரவேண்டும் என்று தாளில் போட்டிருக்கிறது."

எனக்கு நினைவு வந்தது. "பேசாமல் ஓட்டு" என்று அன்று நான் சொல்லியிருந்தேன்.

எங்கள் பெட்டி சுவிட்ச் போட்டவுடன் ஒரு குறுஞ்சத்தம் எழுப்பினால், நிக்கல் பாட்டரி என்று கருதுகிறது எனப் பொருள். இரண்டு எழுப்பினால், இரண்டறை லித்தியம். எது பொருத்தப்பட்டுள்ளது என்பதை, ஜம்பர் எனப்படும் உளுந்தளவான தொப்பியை இடம் மாற்றி நாம்தான் அதற்கு அறிவிக்க வேண்டும். ஆறறை நிக்கல் பாட்டரி 7.2 வோல்ட், இரண்டறை லித்தியம் 7.4 வோல்ட். எண்கள் அருகருகே இருப்பதால் வேறுபாடில்லை என்று நான் எண்ணிவிட்டேன். நிக்கல் மிகத் தாழ்ந்த அழுத்தத்தையும் தாங்கும்; லித்தியம் தாங்காது. நிக்கலென நம்பிய பெட்டி, பாட்டரியின் உயிர் போகும்வரை ஓட்டியது. அது தன் கடமையைத் தவறாது செய்தது. தவறான செய்தி கொடுத்தவன் நான். தலைகீழாக, நிக்கலைப் போட்டு லித்தியம் என அமைத்தால், வண்டி சற்று முன்னதாக நிற்கும். வேறு கேடு இல்லை.

உப்பிய பாட்டரியை ஒருபோதும் மறுபடி சார்ஜ் செய்யாதீர்கள். குத்தவோ அழுத்தவோ செய்யாதீர்கள். அது தீப்பற்றக் கூடும். நாங்கள் அதை மணல் நிறைந்த வாளியில் இட்டு வீட்டுக்கு வெளியே வைத்தோம். வீட்டுக் குப்பையிலும் அதை எறியலாகாது. 2022ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பயன்படுத்தித் தீர்ந்த பாட்டரிகளைச் சேகரிக்கும் பொறுப்பை உற்பத்தியாளர்மேல் வைத்துள்ளன. மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் அதனை ஒப்படையுங்கள். நல்ல பாட்டரியாயினும், வீட்டில் ஆள் விழித்திருக்கும்போது, தீப்பிடிக்காத தரையின்மேல் வைத்து, லித்தியத்துக்கு உரிய சார்ஜரால் மட்டுமே சார்ஜ் செய்க. நம் குடியிருப்புகளில் ஒரு சுவருக்கு அப்பால் இன்னொரு குடும்பம் உறங்குகிறது.

பெட்டியை அமைக்கும் முறையையும் சுருங்கக் கூறுகிறேன். வண்டியை ஒரு கட்டைமேல் வைத்து, நான்கு சக்கரங்களும் தரையில் படாமல் நிறுத்துக. கைக்கருவியை முதலில் போட்டு, வண்டியைப் பிறகு போடுக. அணைக்கும்போது வண்டியை முதலில் அணைக்க. சில பெட்டிகள் நடுநிலையைத் தாமே கண்டுகொள்ளும். வேறு சிலவற்றில், அமைப்புப் பொத்தானை அழுத்திப் பிடித்து, நடு, முழு முன், முழுப் பின் என்னும் மூன்று இடங்களையும் நாம் காட்ட வேண்டும். வரிசையும் விளக்கின் நிறமும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஆதலால் உடன்வந்த தாளைப் பத்திரப்படுத்துக. சிறு பிள்ளைகள் உள்ள வீட்டினருக்கு ஒரு வசதியையும் சொல்லவேண்டும். டிராக்ஸஸ் எக்ஸ்எல்-5 போன்ற பெட்டிகளில் பயிற்சி முறை என ஒன்றுண்டு. அதனைத் தேர்ந்தால் வண்டி பாதி விசையோடு மட்டுமே ஓடும்.

எங்கள் வீட்டுத் தாள் ஆங்கிலத்தில் இருந்தது. நான் மெட்ரிகுலேஷனோடு நின்றவன். அவன் வாசிக்க, நான் தமிழில் சொல்லி எழுதினேன். 'நடுநிலை' என்ற சொல்லை அவன் அன்றுதான் கேட்டானாம். இங்கே பள்ளியில் அதற்கு ஏது சந்தர்ப்பம்? சத்தங்களின் பொருளையெல்லாம் அவன் கையாலேயே தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். எழுத்துப் பிழைகளை நான் திருத்தவில்லை.

புதுப் பாட்டரிக்குப் பணம் சேர இரண்டு மாதம் ஆயிற்று. அதுவரை பழைய நிக்கல் பாட்டரியே ஓடிற்று. புதியது வந்த அன்று அவன் ஜம்பரை மாற்றினான், சுவிட்சைப் போட்டான். இரண்டு குறுஞ்சத்தங்கள் கேட்டன. பின்னர், எல்லாம் சரி என்னும் நீண்ட சத்தம். அதற்குப் பிறகே என் கையில் விசையைக் கொடுத்தான்.

அடுத்த மாதம் மிக்ஸி ஏன் ஓடும்போதே நின்றுபோகிறது என்பதைப் பார்ப்போம். அதற்குள் உங்கள் மிக்ஸி நின்றுவிட்டால், கடைசியாக அரைத்தவரைக் கடிந்துகொள்ளாமல் காத்திருங்கள்.