ஆடுனா என்ன கிடைக்கும்?

போன வெள்ளிக்கிழமை மதியம், ஆபீஸ் கேன்டீன். "வீக்கெண்ட் என்ன பிளான்?"ங்கற வழக்கமான கேள்வி சுத்தி வந்துச்சு. ஒருத்தர் ட்ரெக்கிங். இன்னொருத்தர் ரெண்டாவது ஃபிளாட்டுக்கு லோன் பேசப் போறார். பக்கத்துல இருந்த பையன் ஏதோ கிளவுட் சர்டிஃபிகேஷன். என் முறை வந்தப்போ வாயை மூடிக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம். "செஸ் கத்துக்கிட்டிருக்கேன். மிச்ச நேரம் பழைய வீடியோ கேம் ஆடுவேன்"னு உண்மையைச் சொல்லித் தொலைச்சுட்டேன். சொந்தச் செலவில் சூனியம்.

டேமேஜர் முதல்ல செஸ்ஸைப் பிடிச்சார். "இப்ப கத்துக்கிட்டு என்ன பண்ணப்போறே? குகேஷ் 12 வயசுல கிராண்ட்மாஸ்டர், 18 வயசுல உலக சாம்பியன்." அப்புறம் கேமுக்கு வந்தார். "28 வயசாச்சு, இன்னும் கான்ட்ராவா?" ஆக, ஒண்ணுக்கு நான் ரொம்ப லேட்டு, இன்னொண்ணுக்கு இன்னும் வளரவே இல்லை. எல்லாரும் சிரிச்சாங்க. நானும்தான் சிரிச்சேன். ஆனா ராத்திரி வரைக்கும் எரிச்சல் அடங்கலை. அதான் இந்தப் பதிவு.

ரெண்டும் வேற வேற நக்கல் மாதிரி தெரியும். அடியில இருக்கற கேள்வி ஒண்ணுதான்: "இதனால என்ன பிரயோஜனம்?" என் கட்சியை முதல்லயே சொல்லிடறேன். பொழுதுபோக்குகிட்ட பிரயோஜனம் கேக்கறதே தப்பு. கேக்க ஆரம்பிச்ச நிமிஷமே அது பொழுதுபோக்கு இல்லை, சம்பளம் தராத இன்னொரு வேலை. ஏற்கனவே புடுங்கற ஆணி போதாதா?

உடனே ஒரு கூட்டம் வரும். "கேமை விடுப்பா, செஸ் அப்படி இல்லை, மூளை வளரும், கணக்கு நல்லா வரும்." இந்த மரியாதை செஸ்ஸுக்கு எப்பவும் இருந்ததுன்னு நினைக்காதீங்க. 1850கள்ல பால் மார்ஃபின்னு ஒரு அமெரிக்க இளைஞர் ஐரோப்பாவுக்குப் போய் பெரிய பெரிய ஆட்டக்காரங்களை எல்லாம் ஜெயிச்சுட்டு வந்தார். அமெரிக்காவுல ஊருக்கு ஊர் செஸ் பைத்தியம் பிடிச்சது. 1859ல 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' பத்திரிகை அதைக் கண்டிச்சு எழுதுச்சு. செஸ் ஒரு மட்டமான பொழுதுபோக்கு, நேரத்தைத் திங்கும், உடம்புக்கும் நல்லதில்லை, வெளியில போய் காத்தாட ஓடியாடுங்கங்கற ரீதியில. எங்கேயோ கேட்ட குரல் மாதிரி இல்லை? இன்னிக்கு வீடியோ கேமைப் பத்தி நம்ம பெரியப்பா சொல்றதை அன்னிக்கு செஸ்ஸைப் பத்தி சொல்லியிருக்காங்க.

மூளை வளர்ற கதைக்கும் வருவோம். இங்கிலாந்துல நூறு தொடக்கப்பள்ளிகளை எடுத்து, பாதிப் பள்ளிகள்ல பசங்களுக்கு ஒரு வருஷம் செஸ் வகுப்பு நடத்தி, அடுத்த வருஷம் பரீட்சை மார்க்கைப் பாத்தாங்க. 2016ல முடிவு வந்துச்சு. செஸ் படிச்சவங்களுக்கும் படிக்காதவங்களுக்கும் கணக்குல வித்தியாசம் எதுவும் இல்லை. எனக்கு இதைப் படிச்சதும் சந்தோஷமா இருந்துச்சு. செஸ் கத்துக்கிட்டா செஸ் வரும். அவ்வளவுதான். அது போதாதா?

இப்ப பழைய கேமுக்கு வருவோம். கோடை லீவு, டிவி கேம் பெட்டி, மேல '9999 இன் 1'னு ஒட்டியிருக்கற கேசட், உள்ள நிஜமா இருக்கறது ஏழெட்டு கேம். ஓடலைன்னா வாயால ஊதிட்டு திரும்பச் சொருகணும். இது ஞாபகம் இருக்கற மக்கள் கையைத் தூக்குங்க :-) அன்னிக்கு சும்மா ஆடினேன். இன்னிக்கு பொட்டி தட்டுற தொழிலுக்கு வந்தப்புறம் உள்ளே இருக்கறதைப் பாத்தா வாயடைச்சுப் போகுது. 1985ல வந்த சூப்பர் மேரியோ பிரதர்ஸ் முழு கேமும் 40 கிலோபைட். இடம் மிச்சம் பிடிக்க, வானத்துல இருக்கற மேகத்தையே பச்சை அடிச்சு தரையில புதரா வச்சிருக்காங்க. 1978 ஸ்பேஸ் இன்வேடர்ஸ்ல எதிரிகள் குறையக் குறைய வேகம் கூடும்ல? பிராசசர் தவிச்சுக்கிட்டிருந்துச்சு. எதிரி குறைஞ்சா வேலை குறையும், தானா வேகம் கூடும். அதை உருவாக்கின நிஷிகாடோ அந்தக் கோளாறை அப்படியே விட்டுட்டார். அந்தப் படபடப்புதான் கேமுக்கே உயிர்.

நிறுத்து, நிறுத்து. பாத்தீங்களா, நானும் பிரயோஜனம் சொல்ல ஆரம்பிச்சுட்டேன்! "பழைய கேம் ஆடினா புரோகிராமிங் புரியும்"னு டேமேஜர்கிட்ட சர்டிஃபிகேட் வாங்கற வேலை. இல்லைங்க. சனிக்கிழமை ராத்திரி நான் கான்ட்ரா ஆடறது மெமரி மேனேஜ்மென்ட் படிக்க இல்லை. அருவி ஸ்டேஜ்ல தாவித் தாவி ஏறறது ஜாலியா இருக்கு. அதுக்காக மட்டும்தான்.

என் ரெண்டு கிறுக்கும் ஒரே பெட்டிக்குள்ள இருக்கறதும் உண்டு. 1979ல அடாரி 2600க்கு 'வீடியோ செஸ்'னு ஒரு கேசட் வந்துச்சு. அந்தப் பெட்டியோட ரேம் 128 பைட். கிலோவும் இல்லை, மெகாவும் இல்லை, வெறும் பைட். யூடிஎஃப்-8ல ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட் ஆகும். அதாவது 42 குறி. இந்தப் பதிவோட முதல் பத்திகூட முழுசா உள்ள போகாது. அதுக்குள்ள அது செஸ் ஆடும். 2025ல ஒருத்தர் சாட்ஜிபிடியை இதோட மோதவிட்டார், சாட்ஜிபிடி தோத்துச்சு. எமுலேட்டர்ல நானும் மோதிப் பாத்தேன். யோசிக்கும்போது ஸ்கிரீன் முழுக்க கலர் கலரா மின்னும். மின்னி முடிச்சு என் ராணியைத் தூக்கிட்டுப் போயிடுச்சு. அவ்வ்வ்வ். நானும் சாட்ஜிபிடியும் ஒரே கட்சி.

எட்டு மாசமா கத்துக்கறேன், ரேட்டிங் இன்னும் 900 தாண்டலை. ஆனா போன மாசம் ஒரு ஆட்டத்துல, ரெண்டு நகர்த்தலுக்கு முன்னாடியே என் குதிரை போய் உக்காரப்போற கட்டம் கண்ணுக்குத் தெரிஞ்சுது. அங்கேயிருந்து ராஜாவுக்கும் செக், யானைக்கும் வெட்டு. எதிராளி பாத்துடுவானோன்னு நெஞ்சு அடிச்ச அடி இருக்கே! ஆறு வயசுப் பசங்க தூக்கத்துல பண்ற வேலைதான். எனக்கு அன்னிக்குதான் முதல் தடவை.

இவ்வளவு வீராப்பா பேசறேனே, நான் யோக்கியனான்னு கேட்டா, இல்லை. இந்தப் பதிவை எழுத நிஜமான காரணமே அதுதான்.

அக்கா பையனுக்கு 9 வயசு. செஸ்னா உசிரு. குகேஷ் 2024 டிசம்பர்ல சிங்கப்பூர்ல ஜெயிச்ச மறுநாள், நான்தான் அக்காகிட்ட சொல்லி அவனைக் கோச்சிங்ல சேத்துவிட்டேன். முதல் மாச ஃபீஸும் நான்தான் கட்டினேன். அதுக்கப்புறம் ஞாயித்துக்கிழமை தவறாம போன் பண்ணுவேன். "ஜெயிச்சியாடா? எத்தனை பாயின்ட்டு? ரேட்டிங் ஏறிச்சா?" அந்த எலோ கணக்குல ஒருத்தர் ஏறணும்னா இன்னொருத்தர் இறங்கணும். இறங்கற பையனும் யாரோ ஒரு மாமாவுக்கு பதில் சொல்லணும்னு எனக்குத் தோணவே இல்லை. ஒரு டோர்னமென்ட் வராண்டாவுல, தோத்துட்டு வந்த பையனை அவங்க அப்பா எல்லார் முன்னாடியும் திட்டிக்கிட்டிருந்தார். நான் மனசுக்குள்ள அவரைத் திட்டினேன். அடுத்த ஞாயிறு அதே கேள்வியை போன்ல சிரிச்சுக்கிட்டே கேட்டேன். எனக்கும் அவருக்கும் சத்தத்துல மட்டும்தான் வித்தியாசம்.

எட்டாவது மாசம் பையன் செஸ்ஸை நிறுத்திட்டான். போர்டைத் தூக்கிப் பரண்ல போடச் சொன்னானாம். காரணம் கேட்டதுக்கு அக்காகிட்ட சொன்னது: "மாமா நான் எப்படி ஆடினேன்னு கேக்கவே மாட்டாங்கம்மா."

அதுக்கப்புறம்தான் நானே செஸ் கத்துக்க ஆரம்பிச்சேன். தோக்கறது எப்படி இருக்கும்னு தெரிஞ்சுக்கணும்னு.

தீபாவளிக்கு ஊருக்குப் போனப்போ லேப்டாப்பை டிவியில மாட்டி ரெண்டு பேரும் கான்ட்ரா ஆடினோம். நான் அவசரப்பட்டு மேல ஏறினா ஸ்கிரீன் நகர்ந்து கீழ நிக்கற அவன் செத்துடுவான். அவன் உயிர் தீர்ந்தா என்கிட்டேயிருந்து ஒண்ணு கடன் எடுத்துப்பான். பத்து தடவை செத்தோம், பத்து தடவையும் விழுந்து விழுந்து சிரிச்சான். நடுவுல கேட்டான்: "மாமா, இதுக்கு ரேட்டிங் உண்டா?" கிடையாதுடா. "அப்ப சரி, இன்னொரு ஆட்டம்."

நியாயமான எதிர்க்கேள்வி ஒண்ணு இருக்கு, அதையும் பாத்துடுவோம். கேம் அடிமைத்தனம் பொய் இல்லை. உலக சுகாதார நிறுவனம் அதை நோய்ப் பட்டியல்லயே சேத்திருக்கு. சாப்பாடு, தூக்கம், வேலை எல்லாத்தையும் தின்னா எதுவுமே வினைதான். ராத்திரி 1 மணிக்கு மூணு நிமிஷ செஸ் "கடைசி ஒரு ஆட்டம்"னு பதினஞ்சு ஆடினவன்ங்கற முறையில சொல்றேன், செஸ்ஸும் இதுல சேத்தி. ஆனா அளவைக் கேக்கறது வேற, லாபத்தைக் கேக்கறது வேற. "எவ்வளவு நேரம் ஆடறே?"ன்னு என் அம்மா கேட்டா அது அக்கறை. "ஆடி என்ன கிழிச்சே?"ன்னு கேட்டா, ஒண்ணும் கிழிக்கலைம்மா, அதான் ஆடறேன்.

எல்லாத்துலயும் மார்க் வாங்கியே வளர்ந்த கூட்டம் நாம. பத்தாவது, பன்னெண்டாவது, கட்-ஆஃப், கேம்பஸ், அப்ரைசல். தோத்தாலும் யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத இடம் ஒண்ணே ஒண்ணாவது இருந்துட்டுப் போகட்டுமே. பெரியவங்க நமக்காவது வக்காலத்து வாங்கத் தெரியும். 9 வயசுப் பையனுக்கு போர்டைப் பரண்ல போட மட்டும்தான் தெரியும்.

அதனால மக்களே, உங்க வீட்டுப் பொடிசு ஆடிட்டு வந்தா "ஜெயிச்சியா?"வை ஒரு தடவை முழுங்கிட்டு, "எப்படி ஆடினே, சொல்லு"ன்னு கேட்டுப் பாருங்க. நான் இப்பதான் பழகறேன். நாக்கு நுனி வரைக்கும் பழைய கேள்விதான் வருது.

டிஸ்கி: போர்டு இன்னும் பரண்லதான் இருக்கு. பொங்கலுக்கு ஊருக்குப் போறேன். இறக்கித் தான்னு நானா கேக்க மாட்டேன். அவனா கேட்டா, நான்தான் தோப்பேன். விட்டுக்கொடுத்து இல்லை, அவன் நிஜமாவே நல்லா ஆடுவான்.