திங்கட்கிழமை டெல்லி

முதல் தடவை டெல்லி போகிறவர்கள் ரயில் டிக்கெட்டை எடுத்த பிறகுதான் கிழமையைப் பார்க்கிறார்கள். செங்கோட்டை, தேசிய அருங்காட்சியகம், தாமரைக் கோயில், அக்‌ஷர்தாம் எல்லாவற்றுக்கும் திங்கட்கிழமை விடுமுறை. தாஜ்மகாலுக்கு வெள்ளிக்கிழமை. ‘அப்படியே ஆக்ராவையும் பார்த்துடலாம்’ என்பவர்கள் இதை முதலில் குறித்துக்கொள்ளட்டும். செங்கோட்டையையும் குதுப்மினாரையும் ஒரே நாளில் அடைப்பது, என்னைக் கேட்டால், அலைச்சல்தான்; ஒன்று பழைய டெல்லி, இன்னொன்று தெற்கே மெஹ்ரோலி. பழைய டெல்லிக்கே ஒரு முழு நாள் கொடுங்கள். செங்கோட்டை, ஜும்மா மசூதி, சாந்தினி சவுக் மூன்றும் நடை தூரம்; பராட்டா சந்தில் வயிறு நிறைந்தால் அன்றைக்கு அதுவே போதும். வியாழக்கிழமை வாய்த்தால் ஹுமாயூன் கல்லறையைப் பார்த்துவிட்டு, மாலையில் பக்கத்திலுள்ள நிஜாமுதீன் தர்காவில் கவாலி கேளுங்கள். நான் முதலிடம் தருவது அதற்குத்தான். பள்ளி விடுமுறை என்று மே மாதம் கிளம்பாதீர்கள், பிள்ளைகள் சுருண்டுவிடுவார்கள். டிசம்பர் கடைசியிலோ பனிமூட்டத்தில் ரயில்கள் மணிக்கணக்கில் தாமதம். பிப்ரவரி, மார்ச்தான் சரி.