கையெழுத்து வாங்கினால் கேட்டதாகிவிடுமா?

கொழும்புத்துறை உறவுகளே,

எந்தத் திட்டம் வந்தாலும் எங்களிடம் முதலில் வருவது படிவம்தான். பெயர், அடையாள அட்டை இலக்கம், கையெழுத்து. அதோடு "மக்களிடம் கேட்டுவிட்டோம்" என்கிறார்கள். இதை இனியும் நாங்கள் ஏற்கக்கூடாது.

பொருத்து வீட்டுத் திட்டம் மறந்துபோச்சா? 2016இல் வடக்கு கிழக்குக்கு 65,000 இரும்பு வீடுகள் என்றார்கள். ஒரு வீடு ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா. ஆர்செலர் மிட்டல் கம்பனியோடு பேசினார்கள். குடியிருக்கப் போகிற சனத்தோடு இருந்து பேசினார்களா? பேசியிருந்தால் உப்புக்காற்று இரும்பை என்ன செய்யும் என்று எங்கள் மேசன்மாரே சொல்லியிருப்பார்கள். விறகு எரிக்கிற குசினி எங்கே என்று பெண்கள் கேட்டிருப்பார்கள். அந்தக் காசுக்கு இரண்டு கல்வீடு கட்டலாமே என்று எல்லோரும் கேட்டிருப்பார்கள்.

"விண்ணப்பங்கள் குவிந்தனவே" என்றது அமைச்சுத் தரப்பு. கொட்டிலில் இருப்பவரிடம் வீடு வேண்டுமா என்றால் வேண்டாம் என்பாரா? எப்படிப்பட்ட வீடு வேண்டும் என்பதல்லவா கேள்வி! எதிர்ப்பு வலுத்தது, அந்த 65,000 இரும்பு வீடுகள் வரவேயில்லை. வீணாய்ப் போனது காத்திருந்தவர்களின் காலம்.

"ஒவ்வொருவரிடமும் கேட்டால் வேலை நடக்காது" என்பார்கள். இந்திய வீட்டுத்திட்டத்தைப் பாருங்கள். 2012 முதல் பெரும்பாலும் வீட்டுக்காரர் கையிலேயே 5.5 இலட்சத்தைக் கட்டம் கட்டமாய்க் கொடுத்துக் கட்டச் சொன்னார்கள். வடக்கு கிழக்கில் ஏறத்தாழ 46,000 வீடுகள் எழும்பின. காசு போதாமல் கடன்பட்டவர்கள் பலர் என்பதும் உண்மைதான். ஆனால் சீமெந்து என்ன விலை, கூலி எவ்வளவு என்று அவர்களிடமே கேட்டுத் தொகையைத் தீர்மானித்திருந்தால் அந்தக் கடனும் குறைந்திருக்கும்.

1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட எங்கள் முஸ்லிம் குடும்பங்களின் கதையும் இதுதான். அன்று ஒரு குடும்பமாய்ப் போனவர்கள் இன்று மூன்று நான்கு குடும்பம். காணியோ அதே ஒன்று. இதை எழுதப் படிவத்தில் எந்தக் கட்டம் இருக்கிறது? முன்னால் இருந்து கேட்டால்தான் தெரியும்.

கேட்ட கேள்விக்கு மட்டும்தான் விடைத்தாளில் பதில் இருக்கும். பிள்ளைக்கு என்ன கஷ்டம் என்று அறிய ஆசிரியர் பக்கத்தில் போய் இருக்கத்தான் வேண்டும். அதிகாரிகளுக்கும் அதுவே பொருந்தும்.

ஆகவே வீடோ, குடிநீரோ, இறங்குதுறையோ, அடுத்த திட்டம் வரும்போது கையெழுத்துக்கு முன் மூன்றைக் கேட்போம்: வரைபடத்தைக் காட்டுங்கள். செலவுக் கணக்கைத் தமிழில் தாருங்கள். நாங்கள் சொன்னதில் எதை மாற்றினீர்கள்? மூன்றாவதற்குப் பதில் இல்லையென்றால், அவர்கள் எங்களிடம் எதையும் கேட்கவில்லை.