பிள்ளையாருக்கு வரி இல்லை, யானைக்கு உண்டு!

செங்கல்பட்டுல பஸ் ஏறி, திருக்கழுக்குன்றம் தாண்டி மாமல்லபுரத்துல இறங்கினா, உளிச் சத்தம்தான் உங்களை வரவேற்கும். 1984-ல் யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்த ஊர். 2017-ல் இந்த ஊர் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைச்சாச்சு. அதெல்லாம் சரி, சிற்பப் பட்டறையில கணக்கு எப்படி எழுதறாங்கன்னு யோசிச்சிருக்கீங்களா?

ஒரு சின்ன புதிர். ஒரே கல், ஒரே உளி, ஒரே சிற்பி. பிள்ளையார் செதுக்கினா ஜி.எஸ்.டி. கிடையாது. கல், மார்பிள், மரத்துல செய்யற சாமி சிலைகளுக்கு 2018 ஜூலையில ஜி.எஸ்.டி. கவுன்சில் விலக்கு கொடுத்துடுச்சு. அதே கல்லுல தோட்டத்துக்கு ஒரு யானை செதுக்கினா, வரி உண்டு!

இதோட முடியலை. கல்லும் கட்டிங் வீலும் வாங்கும்போது கட்டின வரியை, யானைக்குக் கட்டவேண்டிய வரியில கழிச்சுக்கலாம். பிள்ளையாருக்குச் செலவானதைக் கழிக்க முடியாது. அப்போ எந்தக் கல் என்ன சிலையாச்சுன்னு குறிச்சு வெச்சே ஆகணும். வருஷ விற்பனை 40 லட்ச ரூபாய்க்குள்ள இருக்கற பட்டறைக்குப் பொதுவா இந்தத் தலைவலி இல்லை. தாண்டிட்டா, வெறும் நோட்டுப் புத்தகத்தோட மல்லுக்கட்டறது கஷ்டம்.

'அதான் டேலி இருக்கே பாஸ்!'ங்கறீங்களா? கரெக்ட். அதுவும் ஒரு வியாபாரியோட தலைவலியில பிறந்ததுதான். மில்களுக்கு உதிரிபாகம் சப்ளை பண்ணின ஷ்யாம் சுந்தர் கோயங்காவுக்கு, தன் கணக்குக்கு ஏத்த சாஃப்ட்வேர் கிடைக்கலை. மகன் பரத் கோயங்காவே உட்கார்ந்து எழுதிட்டார். 1986-ல் கம்பெனி ஆரம்பமாச்சு.

ஆனா, டேலிக்குச் சிலை தெரியாது. நாம தட்டறது மட்டும்தான் தெரியும். பெரிய சிலைன்னா மாசக்கணக்குல வேலை. முதல்ல வாங்கின அட்வான்ஸ், நடுவுல கொடுத்த கூலி, உளி தீட்டின செலவு, கிரேன் வாடகை... இதையெல்லாம் சிலைவாரியா எழுதலைன்னா, கடைசியில கையில நிக்கற பணம் மொத்தமும் லாபம் மாதிரி தெரியும். அடுத்த ஆர்டருக்கும் அதே விலையைச் சொல்லிடுவார். வரி ரிட்டர்ன் என்னவோ ஆடிட்டர் ஆபீஸ்லேர்ந்து டாண்ணு போயிடும். சிற்பியோட சொந்தக் கூலி மட்டும் எந்தக் கணக்குலயும் இருக்காது!

வழி ரொம்ப சிம்பிள். ஒவ்வொரு சிலைக்கும் ஒரு நம்பர். செலவு எல்லாம் அந்த நம்பருக்குக் கீழே. டேலியில இதுக்கு 'காஸ்ட் சென்டர்'னு ஒரு வசதி ஏற்கெனவே இருக்கு. பி.காம். மக்களே, வரி ஃபைலிங்கோட நிறுத்தாம இதையும் கத்துக்கிட்டு ஒரு பட்டறைக்குப் போய்ச் செஞ்சு கொடுங்க. இன்ஜினீயரிங் மக்களே, ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடறீங்களா? 'ஏழாம் நம்பர் சிலை, ரெண்டு ஆள் கூலி'ன்னு தமிழ்ல சொன்னா பதிஞ்சுக்கற ஆப் ஒண்ணு எழுதுங்க. கல்தூசி படிஞ்ச கையால கீபோர்டு தட்டச் சொல்லாதீங்க.

கல்லுக்குள்ள இருக்கற சிலை அவர் கண்ணுக்குத் தெரியும். அந்தச் சிலைக்குள்ள போன தன் உழைப்பு எவ்வளவுன்னும் அவருக்குத் தெரியணும்தானே?