ஆலயக் கதவைப் பூட்டச் சொல்கிறவர்களுக்கு

இனி மழை வெள்ளம் வந்தால் ஆலயத்தைப் பூட்டி வைக்க வேண்டும், ஜனங்களைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும் என்று ஒரு சபையின் கமிட்டியில் தீர்மானம் போடப் போகிறார்கள். கையிருப்பில் உள்ள கட்டட நிதி முழுவதும் கோபுரத்துக்கு என்பது இன்னொரு தீர்மானம். மேல்மாடி ஹாலை இப்போதைக்குச் சாமான் அறையாக வைத்துக்கொள்ளலாமாம். இரண்டையும் எதிர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஊர்ப் பெயர் வேண்டாம். தாமிரபரணியின் கடைசிப் பகுதியில், ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்குக் கீழே வாழையும் நெல்லும் விளையும் பூமியில் ஒரு சின்ன சபை. பழைய ஓட்டு ஆலயம் பழுதாகிப் புதிதாகக் கட்ட ஆரம்பித்தபோது நானும் என் மனைவியும் அங்கே போய்த் தங்கி வேலை பார்த்தோம். நான் பொதுப்பணித் துறையில் 31 வருடம் இருந்தவன். அவள் ஓய்வு பெற்ற ஆசிரியை. எனக்கு 71, அவளுக்கு 68. கம்பி கட்டுவதையும் காங்கிரீட் கலவையையும் நான் பார்த்துக்கொண்டேன். கணக்கு நோட்டு, வேலையாட்களுக்குக் காப்பி, தளத்துக்குக் காலையும் மாலையும் தண்ணீர் விடுவது அவள் பொறுப்பு. சம்பளம் கிடையாது, நாங்கள் கேட்கவும் இல்லை. தீர்மானத்தைப் பற்றிப் பேச எங்களுக்கு என்ன பாத்தியதை என்று கேட்பவர்களுக்காகத்தான் இவ்வளவும் சொன்னேன்.

கட்டடத்தின் பேஸ்மட்டம் எவ்வளவு உயரம் என்பதில்தான் முதல் சண்டை. மூன்று அடி போதும், மிச்சப் பணத்தைக் கோபுரத்தில் போடலாம் என்றார்கள். 1992 நவம்பர் வெள்ளம் எதுவரை வந்தது என்று கேட்டேன். ஊரில் ஒரு பெரியவர் தன் வீட்டுச் சுவரில் இருந்த கறையைக் காட்டினார். ரோட்டு மட்டத்திலிருந்து மூன்றரை அடி. அதற்கு மேல் இரண்டடி கூட்டி ஐந்தரை அடி என்று வைத்தோம். மேலே ஒரு ஹால், அதற்கு வெளியிலிருந்தே ஏற அகலமான படிக்கட்டு. "அண்ணாச்சி ஆலயம் கெட்டுதாரா, கோட்டை கெட்டுதாரா?" என்று கேலி பேசினார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. அன்றும் மறுநாளும் பெய்ததைத் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டத்துக்காரர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. 18-ந் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் மட்டும் 95 சென்டிமீட்டர் பதிவானது. ஆற்றிலே அணைத் தண்ணீர், வயலிலே மழைத் தண்ணீர், அதற்கு மேல் உடைந்த குளங்களின் தண்ணீர் என்று மூன்றும் சேர்ந்து வந்தது. ஏரல் பகுதியே துண்டிக்கப்பட்டுக் கிடந்தது. எங்கள் கிராமத்தில் ரோட்டுக்கு மேல் ஆறரை அடி தண்ணீர் ஓடியது. அதாவது ஐந்தரை அடி உயர்த்திய ஆலயத் தரையின் மேலும் ஓர் அடி நின்றது. மூன்று அடிதான் உயர்த்தியிருந்தால் உள்ளே இடுப்புக்கு மேல் நின்றிருக்கும்.

ஞாயிறு மத்தியானமே, இது வழக்கமான மழை இல்லை என்று தெரிந்துவிட்டது. அசனப் பண்டிகைக்குச் சமைக்கும் பெரிய அண்டாக்களையும், பெண்கள் சேர்த்து வைத்திருந்த கைப்பிடி அரிசி மூட்டைகளையும் மேல் ஹாலுக்கு ஏற்றச் சொன்னாள் என் மனைவி. வாலிபர்கள் ஏற்றினார்கள். இரவில் ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள். ஜன்னலுக்குக் கதவு இல்லை, சுவருக்குப் பூச்சு இல்லை, படிக்குக் கைப்பிடி இல்லை. ஆனால் தளம் இருந்தது. போட்டு நாற்பது நாள் ஆகிவிட்டதால் பயமில்லை என்று எனக்குத் தெரியும். விடிந்து எண்ணிப் பார்த்தேன். 163 பேர். இரண்டு இரவு அந்த ஹாலில் கால் நீட்ட இடமில்லாமல் இருந்தோம். செவ்வாய்க்கிழமை கடற்கரையிலிருந்து மீனவர்கள் படகோடு வந்து சேர்ந்தார்கள். அந்த 163 பேரில் ஒரு உயிர்கூடப் போகவில்லை.

இப்போது கமிட்டியின் புகார்ப் பட்டியலுக்கு வருகிறேன்.

முதலாவது, சென்ட்ரிங் பலகைகளை எரித்துவிட்டோம் என்பது. எரித்தோம். ஊரெல்லாம் நனைந்து கிடக்கும்போது காய்ந்த விறகுக்கு எங்கே போவது? மேலே அடுக்கியிருந்த பலகையைப் பிளந்துதான் கஞ்சி காய்ச்சினோம். பலகைக்காரருக்கு 18,000 ரூபாய் கொடுக்க வேண்டியிருக்கிறது என்கிறார்கள். 163 பேருக்கு இரண்டு நாள் கஞ்சி. தலைக்கு எவ்வளவு என்று பொருளாளரே வகுத்துப் பார்க்கட்டும்.

இரண்டாவது, ஆல்டரில் ஆடு நின்றது என்பது. நின்றது. கீழே எங்கும் ஓர் அடி தண்ணீர். மூன்று படி உயரத்தில் இருந்த ஆல்டர் மேடை மட்டும்தான் காய்ந்த இடம். ஏழு ஆடும் ஒரு கன்றுக்குட்டியும் அங்கே நின்றன. அவை ஏழைகளின் பேங்க் பாஸ்புத்தகம். அவற்றைத் தண்ணீரில் விட்டுவிட்டு நீ மட்டும் ஏறிக்கொள் என்று நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். புழுக்கையைக் கழுவினால் போய்விடும், கழுவியும் ஆயிற்று. அடுத்த வாரம் கிறிஸ்துமஸ். வருஷா வருஷம் வைக்கோல் போட்டு, குடில் கட்டி, களிமண் ஆட்டை வைத்து, அதற்குச் சீரியல் லைட்டும் போடுகிறோமே, அது எதற்காக என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பார்க்க வேண்டாமா? களிமண் ஆட்டுக்கு இடம் உண்டு, உயிருள்ள ஆட்டுக்கு இல்லையா?

மூன்றாவது, பிரதிஷ்டை ஆகாத கட்டடத்தை ஜனங்களுக்குத் திறந்துவிட்டோம் என்பது. இதற்கு வேத சாஸ்திரம் படித்தவர்கள் பதில் சொல்லட்டும். சாதாரண விசுவாசியாக எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். நோவாவின் பேழை பிரதிஷ்டை பண்ணப்பட்டதாக நான் எங்கும் வாசிக்கவில்லை. அது மூன்று தட்டு உள்ளதாக இருந்தது, அதற்குக் கதவு இருந்தது, மிருகங்கள் ஏறின என்று மட்டும் வாசித்திருக்கிறேன்.

நான்காவது புகார் ஒன்று இருக்கிறது. அது மினிட் புக்கில் வராது. டீக்கடையில் வரும், கல்யாண வீட்டில் வரும். "யார் யாரெல்லாமோ வந்து படுத்துக் கெடந்தாவ" என்பது. யார் யாரெல்லாமோ என்றால் யார்? தெளிவாகவே சொல்கிறேன். கீழத்தெரு ஜனங்கள். கீழத்தெரு என்று பெயர் வந்ததே அது பள்ளத்தில் இருப்பதால். தண்ணீர் எப்போதும் அங்கேதான் முதலில் போகும், கடைசியில்தான் வடியும். அவர்களைப் பள்ளத்தில் குடியிருக்க வைத்தது தண்ணீர் அல்ல, நம் முன்னோர்கள். அவர்களில் பாதிப் பேர் நம் சபையே அல்ல என்பது இன்னொரு குறை. ஆமாம், அம்மன் கோயிலுக்குப் போகிறவர்களும் இருந்தார்கள், இரண்டு முஸ்லிம் குடும்பமும் இருந்தது. மூச்சு முட்டுகிறவனிடம் ஞானஸ்நானச் சீட்டு கேட்க வேண்டும் என்கிறீர்களா?

அதே வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு நின்றுபோனது. அருகிலிருந்த புதுக்குடி ஊர் ஜனங்கள் அவர்களுக்குச் சோறு பொங்கிப் போட்டதை நாடே பார்த்தது. திருச்செந்தூர் போய்விட்டுத் திரும்பியவன் யார், சும்மா ஊருக்குப் போகிறவன் யார் என்று அவர்கள் விசாரிக்கவில்லை. அந்த ஊர்க்காரர்களுக்கு இருந்த மனசு நமக்கு இல்லை என்று தீர்மானம் போட்டு எழுதி வைக்கப் போகிறோமா?

"பள்ளிக்கூடத்துக்குப் போகட்டும்" என்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பள்ளிக்கூடம் ஒற்றை மாடிகூட இல்லாத ஓட்டுக் கட்டடம். தரை ரோட்டிலிருந்து இரண்டடிதான். டிசம்பர் 18 அன்று பெஞ்சு மிதந்தது. அங்கே போகச் சொல்வதும் ஆற்றுக்குள் இறங்கச் சொல்வதும் ஒன்றுதான். 1999 சூறாவளிக்குப் பிறகு ஒடிசாவில் கடலோர ஊர்களில் தூண்களின் மேல் உயர்த்திப் புகலிடங்கள் கட்டினார்கள். சாதாரண நாளில் அவற்றில் பல பள்ளிக்கூடமாக நடக்கின்றன. புயல் வந்தால் ஊரே ஏறிக்கொள்ளும். நாமும் அப்படிச் செய்யலாம். ஊரில் உயரமான, உறுதியான கட்டடம் இன்றைக்கு ஆலயம்தான் என்றால் அதுதான் புகலிடம்.

கோபுரம் நம் பாரம்பரியம் என்று சொல்கிறார்கள். அதை நான் மறுக்கவில்லை. பாளையங்கோட்டை ஊசிக் கோபுரத்தையும் மெய்ஞ்ஞானபுரம் கோபுரத்தையும் பார்த்து வளர்ந்தவன்தான் நானும். ஆனால் பாரம்பரியத்தைப் பாதியாகச் சொல்லக் கூடாது. இடையன்குடி ஆலயத்தைக் கால்டுவெல் ஐயர் 1847-ல் ஆரம்பித்து 1880-ல்தான் முடித்தார். 33 வருடம்! ஆலயம் அப்படி மெதுவாக எழும்பின காலத்திலேயே ஊருக்குத் தெரு, கிணறு, பள்ளிக்கூடம் எல்லாம் வந்தன. தாது வருஷப் பஞ்சத்தை ஒட்டி 1878-ல் நாசரேத்தில் மர்காஷிஸ் ஐயர் கைத்தொழில் பள்ளி ஆரம்பித்தார். ஜனங்களின் ஆபத்துக்கு முதலில் நின்றதும் நம் பாரம்பரியம்தான். அதை விட்டுவிட்டுக் கோபுரத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், அது பாரம்பரியம் அல்ல, வெறும் போட்டி. பக்கத்துச் சேகரம் 80 அடி, நாம் 90 அடி.

வெளியூரில் இருந்து பணம் அனுப்புகிற சபையாருக்கும் ஒரு வார்த்தை. மும்பையிலும் துபாயிலும் கஷ்டப்பட்டுச் சம்பாதித்து அனுப்புகிறீர்கள். கோபுரத்துக்கு என்றால் உடனே பணம் வருகிறது, கக்கூஸுக்கு என்றால் வருவதில்லை. கக்கூஸில் பெயர்க் கல் பதிக்க யாருக்கும் விருப்பமில்லை. அந்த இரண்டு இரவும் பெண்கள் பட்ட பாட்டை என் மனைவி கூட இருந்து பார்த்தாள். சிமெண்ட் சாக்கையும் தார்ப்பாயையும் கட்டி ஒரு மூலையை மறைத்துக் கொடுத்தாள். மாதவிலக்கான பிள்ளைகள், சர்க்கரை வியாதிக்காரப் பாட்டிகள், நிறைமாதக்காரி ஒருத்தி என்று எல்லாருக்கும் அந்த ஒரே மூலை. "கோபுரத்துல பேர் எழுதுறவங்களை ஒரு ராத்திரி இங்கே இருக்கச் சொல்லுங்க" என்று அவள் சொன்னாள். நான் இவ்வளவு நீளமாக எழுதுவதை அவள் ஒரே வரியில் சொல்லிவிட்டாள்.

"ரெண்டு பேருக்கும் வயசாயிட்டு, இனி ஓய்வெடுங்க" என்றும் அன்பாகச் சொல்கிறார்கள். ஓய்வு எடுக்கச் சொல்பவர்கள் கணக்கு நோட்டை மட்டும் கேட்கிறார்கள். நோட்டைத் தருகிறோம், ஒவ்வொரு ரூபாய்க்கும் சீட்டு இருக்கிறது. ஆனால் சம்பளம் வாங்காமல் செய்த வேலை என்பதால் பேசாமல் போய்விடுவோம் என்று நினைக்க வேண்டாம். இலவசமாக உழைத்தவனுக்கு லாபத்தில்தான் பங்கில்லை, கேள்வி கேட்கும் உரிமை உண்டு.

எனவே கமிட்டியாருக்கும், ஓட்டுப் போடப் போகிற சபையாருக்கும் நான் கேட்பது இவ்வளவுதான். இருக்கிற பணத்தில் முதலில் படிக்கட்டுக்குக் கைப்பிடி போடுங்கள். மேல் ஹாலுக்கு ஜன்னல் கதவும் பூச்சும் முடியுங்கள். மாடியில் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாக இரண்டு கக்கூஸ், மொட்டை மாடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி. அசனப் பாத்திரமும், பத்து மூட்டை அரிசியும், காய்ந்த விறகும், ஒரு கேஸ் அடுப்பும் ஐப்பசி பிறந்ததிலிருந்து தை வரை மேலேயே இருக்கட்டும். மேல் ஹால் சாவியில் ஒன்று உபதேசியாரிடமும், ஒன்று கீழத்தெருவில் ஒரு வீட்டிலும் இருக்கட்டும். இரவு இரண்டு மணிக்குத் தண்ணீர் வந்தால் அவர்கள்தான் முதலில் விழிப்பார்கள்.

இதெல்லாம் முடிந்து மிச்சம் இருந்தால் கோபுரம் கட்டுங்கள். அப்போது கூப்பிட்டால், உடம்பில் தெம்பிருந்தால், நானே வந்து அதற்கும் கம்பி கட்டிக் கொடுக்கிறேன்.

ஆனால் பூட்டுப் போடுகிற தீர்மானத்துக்கு நாங்கள் இரண்டு பேரும் கையெழுத்துப் போட மாட்டோம். சபைக் கூட்டத்தில் எழுந்து நின்று எதிர்ப்போம். எங்களோடு எழுந்து நிற்க வேண்டியவர்கள் அந்த இரண்டு இரவும் அந்த மாடியில் இருந்தவர்கள். அவர்களில் சபையாராக இருப்பவர்கள் நாற்பதுக்கு மேல் உண்டு. தயவுசெய்து கூட்டத்துக்கு வாருங்கள்.